யோனா: மீனைத் தாண்டி நினிவேக்குப் போவோமா?

கேள்வி, 2022 செப்டெம்பர் 17

"1891ஆம் ஆண்டு ஃபோக்லாந்து தீவுகளுக்குப் பக்கத்தில் ஜேம்ஸ் பார்ட்லி என்ற மாலுமியைத் திமிங்கிலம் விழுங்கியது. மறுநாள் வயிற்றைக் கிழித்துப் பார்த்தபோது உயிரோடு இருந்தார். இவ்வளவு ஆதாரம் இருந்தும் யோனா கதைக்கு விளக்கம் தேடுகிறவர்களுக்கு விசுவாசம் இல்லை என்றுதான் அர்த்தம். திருகோணமலைக்காரருக்கு இதைச் சொல்லித்தரவும் வேண்டுமா? நீலத்திமிங்கிலம் உங்கள் கடலில்தானே ஓடுகிறது?"

செப்டெம்பர் 18, ஞாயிறு

யோனா வேதாகமத்தில் வருகிற இறைவாக்கினர். நினிவே நகருக்குப் போய் எச்சரி என்று கடவுள் அனுப்ப, வேறு பக்கம் கப்பலேறி ஓடியவர். கடலில் எறியப்பட்டு மூன்று நாள் மீன் வயிற்றில் இருந்து, பிறகு நினிவேக்குப் போய்ப் பேசியதும் அந்த ஊர் திருந்தியது. இனி, பார்ட்லி கதையை முதலில் முடித்துவிடுவோம். இதைப் பிரசங்கத்தில் கேட்காமல் வளர்ந்த கிறிஸ்தவப் பிள்ளை இந்த ஊரில் குறைவு. எட்வர்ட் டேவிஸ் என்ற அமெரிக்க வரலாற்று அறிஞர் இதன் அடிமுடி தேடிப்போய் 1991இல் எழுதினார். "ஸ்டார் ஒஃப் த ஈஸ்ட்" என்ற கப்பல் இருந்தது உண்மை. ஆனால் அது திமிங்கில வேட்டைக் கப்பல் அல்ல. அந்தப் பயணத்தின் ஆட்பட்டியலில் பார்ட்லி என்ற பெயரும் இல்லை. கப்பல் தலைவரின் மனைவியே அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று கடிதம் எழுதியிருக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

நீலத்திமிங்கிலத்தையும் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். பருவ காலத்தில் எங்கள் திருகோணமலைச் சுவாமிமலை உச்சியில் நின்றால் சில நாள் அது மூச்சு விடுவது தெரியும். அவ்வளவு பெரிய உடம்பு, தின்பதோ கூனி போன்ற சின்னஞ்சிறு உயிர்களை. அதன் தொண்டையில் ஒரு ஆள் இறங்க இடமில்லை. பெரிய கணவாயை விழுங்கும் ஸ்பேர்ம் திமிங்கிலமும் இந்தக் கடலுக்கு வருகிறதுதான். அது வருவதால் யோனா கதை மெய்யாகிவிடாது, வராவிட்டால் பொய்யாகியும்விடாது.

என் ஆதங்கம் வேறு. யோனா புத்தகம் நாலு அதிகாரம், 48 வசனம். மீன் வருவது மூன்றே வசனத்தில். மீதி நாற்பத்தைந்தையும் நாங்கள் தொடுவதே இல்லை. மீனோடு நின்றுவிட்டால் நினிவேக்குப் போகத் தேவையில்லை. யோனாவும் அதைத்தான் விரும்பினார்.

செப்டெம்பர் 18, இரவு

"இந்தக் கேள்வியெல்லாம் இப்போது படித்தவர்கள் கிளப்புவது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புறச்சமயத்தவர் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள். உடுத்த உடுப்போடு ஒரு மனிதன் மீன் வயிற்றில் எப்படி இருந்தான் என்று கேலி. தேயோகிராசியாஸ் என்ற குரு அதை அப்படியே எழுதிப் புனித அகுஸ்தீனாரிடம் அனுப்பினார். அகுஸ்தீனாரின் பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. ஒன்று, எந்தப் புதுமையையும், அதாவது அற்புதத்தையும், நம்பாதே. மற்றதை நம்பினால் இதை மட்டும் தள்ள உனக்குக் காரணம் இல்லை என்றார். இதையே வேறொரு மந்திரவாதி செய்ததாகச் சொன்னால் நீங்கள் சிரிக்காமல் பெருமை பேசியிருப்பீர்கள் என்றும் கேட்டார். அதோடு விடாமல், இது எதைக் குறிக்கிறது என்ற கேள்விக்குப் போய்விட்டார். கேள்வி கேட்பவனுக்கு விசுவாசம் இல்லை என்று அவர் எழுதவில்லை. எனக்கு அது போதும்.

செப்டெம்பர் 20

மறைக்கல்வி வகுப்பில் பல வருடத்துக்கு முன் ஒரு பெடியன். தகப்பன் கடலுக்குப் போகிறவர். யோனா கதை சொல்லி முடித்ததும் அவன் கேட்டது: "ரீச்சர், உள்ளுக்குள்ளே வெளிச்சம் இருந்ததா?"

அப்போது சிரித்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். யூதர்கள் அந்தக் கேள்வியை ஆயிரம் வருடத்துக்கு முன்பே உட்கார்ந்து கதைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் வாசித்தேன். எட்டாம் நூற்றாண்டளவில் உருவான "பிர்க்கே த ரபி எலியேசர்" என்ற மித்ராஷ் (வேதத்தை விரித்து யூத ஆசான்கள் சொன்ன விளக்கக் கதைகள்) தொகுப்பில் யோனாவுக்கென்றே ஒரு அதிகாரம் இருக்கிறது. பெரிய தொழுகைக்கூடத்துக்குள் ஒரு ஆள் நடந்து போவதுபோல யோனா மீனின் வாய்க்குள் போகிறார். மீனின் இரண்டு கண்ணும் யன்னலாக இருந்து வெளிச்சம் தருகின்றன. ரபி மேயிர் இன்னும் ஒருபடி மேலே போகிறார்: மீன் வயிற்றுக்குள் ஒரு முத்துத் தொங்கியது, அது நடுப்பகல் வெயில்போல எரிந்து கடலடியில் உள்ளதையெல்லாம் காட்டியது என்கிறார்.

அதற்குள் மீனுக்கே ஆபத்து. இன்றைக்கு லெவியத்தான் என்ற கடல் அரக்கன் என்னை விழுங்கும் நாள் என்கிறது. என்னை அதனிடம் கூட்டிக்கொண்டு போ என்கிறார் யோனா. போய், ஆபிரகாமின் உடன்படிக்கை அடையாளமான விருத்தசேதனத்தைக் காட்டுகிறார்; லெவியத்தான் இரண்டு நாள் தூரம் ஓடிவிடுகிறது. உன்னைக் காப்பாற்றினேனே, கடலைச் சுற்றிக் காட்டு என்று மீனிடம் கேட்கிறார். மீனும் காட்டுகிறது: இஸ்ரயேலர் செங்கடலைக் கடந்த பாதை, பூமியின் தூண்கள், எருசலேம் ஆலயத்துக்கு அடியில் இருக்கும் அடிக்கல்.

இதை எழுதியவர்கள் தொண்டையின் அகலத்தை அளக்கவில்லை. வேதத்தில் ஒரு இடைவெளி இருக்கிறதா, அதற்குள் இறங்கிப் பார், அங்கே இன்னொரு பாடம் கிடைக்கும் என்பதுதான் அவர்கள் வழி. கதையை நம்புகிறவர்களுக்குத்தான் இந்த விளையாட்டு வரும். அந்தப் பெடியனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஆசை. இப்போது அவன் எங்கேயோ வெளிநாட்டில்.

செப்டெம்பர் 21

"மூன்று பகலும் மூன்று இரவும்" கணக்கு இடிக்கிறது என்று கேட்ட தம்பிக்கு. யோனா மீன் வயிற்றில் இருந்ததுபோல இயேசுவும் மூன்று பகலும் மூன்று இரவும் பூமிக்குள் இருப்பார் என்றுதான் மத்தேயு 12:40 சொல்கிறது. பெரிய வெள்ளி மாலை அடக்கம், ஞாயிறு விடியல் உயிர்ப்பு, நடுவில் இரண்டு இரவுதான். யூதர் நாள் எண்ணும் முறை வேறு. பகலும் இரவும் சேர்ந்தது ஒரு நாள், அதில் ஒரு துண்டு வந்தாலும் முழு நாளாக எண்ணலாம் என்று எருசலேம் தல்மூது என்ற யூதச் சட்ட விளக்க நூலில் ரபி எலயாசர் பென் அசரியா சொல்கிறார். வேதாகமத்து எஸ்தர் அரசியைப் பாருங்கள். மூன்று நாள் இரவும் பகலும் நோன்பிருங்கள் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நாளே அரசனிடம் போகிறாள்.

லூக்காவில் அதே பேச்சு வரும்போது மீன் வயிறே கிடையாது. நினிவே மக்களுக்கு யோனா அடையாளமாக இருந்ததுபோல என்று மட்டும் வருகிறது. உரோமைச் சுரங்கக் கல்லறைகளில் முதல் கிறிஸ்தவர்கள் யோனாவை ஓயாமல் வரைந்தார்கள், அது மத்தேயு வழி: சாவின் வாயிலிருந்து வெளியே வருதல். அதை நான் விடமாட்டேன், என் பெற்றோரை அடக்கம் செய்த அன்று என்னைத் தாங்கியது அந்த வாசிப்புத்தான். லூக்காவின் வழியை நாங்கள் நடக்கவில்லை என்பதுதான் என் வாதம்.

செப்டெம்பர் 23

கப்பல்காரரைப் பற்றி யாரும் எழுதவில்லையே. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்தவர்கள் அவர்கள். யோப்பாவில் கூலி கொடுத்து ஏறியவர் யோனா. புயல் அடிக்கும்போது அவர் கீழ்த்தட்டில் நித்திரை. அவர்களோ சரக்கைக் கடலில் எறிகிறார்கள், ஒவ்வொருவரும் தன் தன் தெய்வத்தைக் கூப்பிடுகிறார்கள். சீட்டு யோனாவின் பெயருக்கு விழுகிறது. தூக்கிப் போடு என்று அவரே சொல்லிவிட்டார். அப்போதும் போடாமல் கரைக்குப் போக வலித்துப் பார்க்கிறார்கள். யோனா 1:13. கடலில் தொழில் செய்கிறவர்களுக்கு இந்த வசனம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாடைக்காற்றுக் காலத்தில் பொங்கும் கடலை எதிர்த்துக் கரைக்கு வலிப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

மித்ராஷில் இது இன்னும் விரிகிறது. முதலில் முழங்கால் வரை இறக்குகிறார்கள், கடல் அடங்குகிறது. மேலே எடுக்கிறார்கள், பொங்குகிறது. தொப்புள் வரை இறக்குகிறார்கள். பிறகு கழுத்து வரை. ஒவ்வொரு முறையும் எடுத்துவிடுகிறார்கள். இந்த மனிதனைக் கொல்லாமல் தப்ப ஏதாவது வழி இருக்கிறதா என்று கடைசி வரை தேடுகிறார்கள். அவர்கள் எல்லாரும் வேறு சாமி கும்பிடுகிறவர்கள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கேட்ட பிரசங்கங்கள். ஒரு முகாமில், பிள்ளையைக் கடல் கொண்டுபோன தாய் முன்வரிசையில் இருக்கிறாள். இந்த ஊரின் பாவத்தைக் கடவுள் தண்டித்தார் என்று ஒருவர் ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டிருந்தார். யோனா கதையைத்தான் மேற்கோள் காட்டினார். யோனா கதையில், யாரால் இந்தப் புயல் என்ற கேள்விக்கு, என்னால் என்று இறைவாக்கினரே தன் பக்கம் விரல் நீட்டுகிறார். பிறர் பக்கம் நீட்டவில்லை. அந்தப் பிரசங்கி அந்தப் பந்தியை எப்படி வாசித்தார் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்.

செப்டெம்பர் 25

சரி, யோனா ஏன் ஓடினார்? "பயம்" என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். அவரே நாலாம் அதிகாரத்தில் காரணம் சொல்கிறார்: நீர் இரக்கமுள்ளவர், மன்னிக்கிறவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடினேன். சீனாய் மலையில் கடவுள் மோசேக்குத் தன்னைப் பற்றிச் சொன்ன புகழுரை அது. யோனா அதையே குற்றச்சாட்டாகத் திருப்பிச் சொல்கிறார்.

நினிவே யார்? அசீரியாவின் தலைநகர். கி.மு. 722 அளவில் சமாரியாவை அழித்து மக்களை நாடு கடத்தியது அசீரியா. 701இல் அரசன் சனகெரிபு யூதேயாவின் லாக்கீசு நகரைப் பிடித்தான். பிடித்ததைப் பெருமையாக நினிவே அரண்மனைச் சுவரில் கல்லில் செதுக்கி வைத்தான். 19ஆம் நூற்றாண்டில் லேயார்ட் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் தோண்டி எடுத்த அந்தக் கற்பலகைகள் இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் மனிதரைக் கழுவில் ஏற்றியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் மாட்டு வண்டி, அதில் கட்டிய மூட்டைகள், மூட்டைகளின் மேல் பெண்களும் பிள்ளைகளும், மாட்டின் விலா எலும்பு எண்ணக்கூடிய மாதிரி.

அந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். கல்லில் இல்லை, வீதியில். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பெரும்பாலான அறிஞர்கள் யோனா புத்தகம் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டதற்குப் பின்னர் எழுதப்பட்டது என்கிறார்கள். அப்படியானால் வாசித்த ஒவ்வொருவருக்கும் நினிவே செய்தது தெரியும். அவர்களுக்கு முன்னால்தான் இந்தக் கதை வைக்கப்படுகிறது: கடவுள் உன்னை அங்கே அனுப்பினால் போவாயா? ஆகவே யோனாவைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒவ்வொருவர் மனதிலும் ஒரு நினிவே இருக்கிறது, அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற மூன்று சனமும் அந்தப் பெயரை வீட்டுக்குள் மெதுவாகச் சொல்வார்கள்.

பழைய மித்ராஷ் ஒன்றான மெகில்தா யோனாவுக்காக வாதாடுகிறது. பிற இனத்தார் சீக்கிரம் மனம் திரும்பிவிடுவார்கள், அதைப் பார்த்து இஸ்ரயேலுக்குத் தண்டனை கூடும், அதற்குப் பயந்து ஓடினார் என்கிறது. பிறகு ஒரு தீர்ப்பு: எரேமியா தகப்பனின் (கடவுளின்) மானத்தையும் கேட்டார், மகனின் (இஸ்ரயேலின்) மானத்தையும் கேட்டார். எலியா தகப்பனுக்காக மட்டும் நின்றார். யோனா மகனுக்காக மட்டும் நின்றார். தன் சனத்தின் மீது வைத்த பாசம் ஒரு இறைவாக்கினரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடக் கனிவான தீர்ப்பை நான் படித்ததில்லை.

செப்டெம்பர் 26

"யோனா என்றால் குறுகிய மனம் படைத்த யூதன், நினிவே என்றால் திருச்சபை" என்று எழுதியவருக்கு. இந்த வாசிப்பு பழையது, அகுஸ்தீனாரே அந்தக் கடிதத்தில் அந்தப் பக்கம் போகிறார். நான் மதிக்கிற ஆசிரியர், ஆனால் இதில் அவரோடு போகமாட்டேன். யோனாவைக் கண்டிக்கும் இந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் யூதர்கள். இறைவாக்கு நூல்களில் சேர்த்து வைத்தவர்கள் யூதர்கள். ஆண்டின் மிகப் புனிதமான நாளான யோம் கிப்பூரில், பட்டினியோடு, பிற்பகல் செபத்தில் முழுவதையும் வாசிப்பவர்களும் அவர்களே. தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வைத்த கேள்வியைப் பிடுங்கி அவர்களை அடிக்கும் தடியாக்குவது நியாயமா? பெரிய வெள்ளிக்கு நாங்கள் எங்களையே கண்டிக்கும் ஒரு புத்தகத்தை வாசிக்கிறோமா?

செப்டெம்பர் 29

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

யூதரின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னாவில் நோன்புகள் பற்றிய பகுதியில் ஒரு காட்சி. மழை இல்லை. ஊர் நோன்பு. வேதச்சுருள் பேழையை ஊர்ச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்து அதன் மேல் சாம்பல் போடுகிறார்கள். மூத்தவர் ஒருவர் எழுந்து மனதைத் தொடும்படி சொல்கிறார்: சகோதரரே, நினிவே மக்களின் சாக்கு உடையையும் நோன்பையும் கடவுள் கண்டார் என்று எழுதியில்லை. அவர்கள் தீய வழியை விட்டுத் திரும்பிய செயலைக் கடவுள் கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது.

தல்மூது அதைப் பிடித்துக்கொண்டு, கையில் இருக்கும் கொடுமையை விட்டுத் திரும்புவது என்றால் என்ன என்று கேட்கிறது. சாமுவேல் என்ற ஆசான் சொல்கிறார்: ஒருவன் ஒரு தீராந்தியை, அதாவது வீட்டு உத்திரத்தைத் திருடி அதை வைத்து மாளிகை கட்டிவிட்டான் என்றால், மாளிகை முழுவதையும் இடித்துத் தீராந்தியை உரியவனிடம் கொடுப்பது.

1990 ஜூனில் நாங்கள் வீட்டை விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது சுவர் இருந்தது. ஓடு இல்லை, வளை இல்லை, யன்னல் இல்லை, கதவு இல்லை, நிலையும் இல்லை. நிலையைக் கழற்ற அலவாங்கு போட்ட இடத்தில் செங்கல் உடைந்து சிவப்பாக நின்றது. யார் எடுத்தார்கள், எந்தச் சனம் என்று இங்கே எழுதமாட்டேன். எல்லாரும் எல்லாரிடமிருந்தும் எடுத்த காலம். எங்கள் ஒழுங்கையிலும் பிறர் வீட்டு ஓட்டின் கீழ் சமைத்தவர்கள் இருந்தார்கள்.

சண்டை ஓய்ந்த பிறகு ஒருநாள் ஒரு மனிதர் லாண்ட்மாஸ்டரில் (இருசக்கர உழவு இயந்திரத்தில்) ஒரு நிலையைப் போட்டுக்கொண்டு வந்தார். முதிரை மரம். மேலே பச்சைப் பூச்சு, பச்சை உரிந்த இடத்தில் எங்கள் பழைய நீலம். இடது காலில் ஆணியால் கீறிய கோடுகள், பக்கத்தில் எங்கள் பெயர்களின் முதலெழுத்து. நாங்கள் வளர வளர அப்பா கீறியவை. ஒரு கோட்டில் பூச்சு நிரம்பியிருந்தது, நகத்தால் சுரண்டியதும் எழுத்து வந்தது. வந்தவர் மன்னிப்பு என்ற சொல்லையே எடுக்கவில்லை. "வீடு திருத்துகிறோம் ஐயா, இது உங்களுடையது" என்றார். அப்பா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தனுப்பினா, வெளியில் வரவில்லை.

அந்த மனிதர் தல்மூது படித்தவரா? இல்லை. ஆனால் தவக்காலத்தில் நான் பிடித்த எல்லா ஒருசந்தி நோன்புகளையும்விட அவர் செய்தது நினிவேக்குக் கிட்ட.

செப்டெம்பர் 30

"வீட்டை இடி என்று எப்படிச் சொல்வது ரீச்சர்? அதில் இப்போது பிள்ளைகள் இருக்கிறார்களே" என்று உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. நல்ல கேள்வி. யூதர்கள் அதையும் விடவில்லை. பழைய யூத ஆசான்களில் இரண்டு பள்ளிகள் இருந்தன. ஷம்மாய் பள்ளி, முழுவதையும் இடித்துக் கொடு என்றது. ஹில்லேல் பள்ளி, மரத்தின் விலையைக் கொடு என்றது. ஹில்லேல் பள்ளிக்குக் காரணம், திருந்த வருகிறவனுக்கு வழி திறந்திருக்க வேண்டும். வீடு முழுவதையும் இடிக்க வேண்டும் என்றால் எவன் திருந்துவான்? மிஷ்னாவும் திருடிய தீராந்திக்கு இந்த வழியையே பதிந்து வைத்திருக்கிறது.

நேற்று சாமுவேலின் பக்கம் நின்று எழுதினேன். இரவெல்லாம் யோசித்தால் இரண்டும் வேண்டும் போலிருக்கிறது. சட்டம் ஹில்லேல் சொன்னபடி இருக்கட்டும், எடுத்தவன் வாசல் அடைபடக் கூடாது. இடித்தாவது கொடுக்கிறேன் என்று எடுத்தவனே வந்து நின்றால், அது சட்டம் கேட்டு வாங்க முடியாத ஒன்று. அம்மா சாகும் வரை "காசாகத் தந்திருக்கலாம், அந்த நிலையைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியுது" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தா. அப்பா அதற்குப் பதில் சொன்னதில்லை.

எருசலேம் தல்மூது நினிவேக்காரரை அவ்வளவு நல்லவர்களாகவும் விடவில்லை. ரேஷ் லாகீஷ் என்ற ஆசான் அது ஏமாற்று மனந்திரும்புதல் என்கிறார். கன்றுகளையும் தாய்ப்பசுக்களையும் பிரித்துக் கட்டி, நீர் எங்களுக்கு இரங்காவிட்டால் நாங்கள் இவற்றுக்கு இரங்கமாட்டோம் என்று கடவுளை மிரட்டினார்களாம். ரபி யோகனான் இன்னும் கூர்மை: கையில் இருந்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள், பெட்டியிலும் அலுமாரியிலும் இருந்ததைக் கொடுக்கவில்லை.

ஒக்டோபர் 2

கேட்கப்படும் என்று எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. சைவ நண்பர் ஒருவர் மரியாதையாகக் கேட்டிருக்கிறார்: "தீராந்திக்குச் சட்டம் இருக்கிறது. கோட்டைக்கு?"

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் திருக்கோணேஸ்வரத்தை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். இன்று பிரெட்றிக் கோட்டை என்கிறோம். அந்த வாசலால்தான் இன்றைக்கும் கோணேசரைக் கும்பிடப் போகிறார்கள். எங்கள் மதத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் செய்தது அது. இடித்தவர்கள் நாங்கள் இல்லை என்று கைகழுவ எனக்கு மனமில்லை. அவர்கள் கொண்டுவந்த செபமாலை என் கையில் இருக்கிறது. யோனா புத்தகம் அவர்களுடைய வேதாகமத்திலும் இருந்தது. மீனைப் பற்றிப் பிரசங்கம் வைத்திருப்பார்கள்.

ஒக்டோபர் 3

கிண்ணியாவிலிருந்து எழுதும் சகோதரர், யூனுஸ் நபி (யோனாவை முஸ்லிம்கள் அழைக்கும் பெயர்) மீன் வயிற்றில் செய்த துஆவை, அதாவது பிரார்த்தனையைக் கஷ்டம் வரும்போது தங்கள் வீட்டில் ஓதுவார்கள் என்று எழுதியிருக்கிறார். குர்ஆனில் யூனுஸ் அனுப்பப்பட்டது "ஒரு இலட்சம் அல்லது அதற்கும் மேற்பட்டவர்களிடம்". நினிவே இருந்த இடம் இன்றைய மோசுல். அங்கே நபி யூனுஸ் பள்ளிவாசலை முஸ்லிம்கள் மட்டுமல்ல, கிறிஸ்தவர்களும் மதித்தார்கள். 2014 ஜூலையில் ஐ.எஸ். இயக்கம் அதைக் குண்டு வைத்துத் தகர்த்தது.

எங்களுக்குப் பக்கத்துக் கேரளத்தில் சுரியானிக் கிறிஸ்தவர்கள் தவக்காலத்துக்கு முன்னால் "மூன்று நோன்பு" பிடிக்கிறார்கள். நினிவேக்காரரின் நோன்பு அது. குறவிலங்காட்டுக் கோயிலில் அந்த நாளில் யோனாவின் கப்பலைத் தோளில் சுமந்து ஆட்டி ஆட்டிக் கொண்டுபோகிறார்கள். துறைமுகப் பட்டினத்தில் இருந்துகொண்டு அப்படி ஒரு திருவிழா எங்களிடம் இல்லையே என்று எனக்குப் பொறாமை.

ஒக்டோபர் 5

இன்று யோம் கிப்பூர். பிற்பகலில் யூதர்கள் யோனாவை வாசித்துக்கொண்டிருப்பார்கள். வாசித்து முடிந்ததும் மீக்காவின் கடைசி வசனங்களைச் சேர்த்துக்கொள்வார்கள்: எங்கள் பாவங்களையெல்லாம் கடலின் ஆழத்தில் எறிந்துவிடுவீர்.

நாலாம் அதிகாரம் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாத அதிகாரம். ஊர் தப்பிவிட்டது, யோனாவுக்குக் கோபம். ஊருக்குக் கிழக்கே பந்தல் போட்டுக்கொண்டு, என்ன நடக்கும் என்று பார்த்தபடி இருக்கிறார். ஒரு இரவில் ஒரு செடி முளைத்து நிழல் தருகிறது, மறுநாள் புழு அரிக்கிறது, கீழைக்காற்றும் வெயிலும். சாகலாம் போலிருக்கிறது என்கிறார். நீ நடாத, தண்ணீர் ஊற்றாத செடிக்காக இவ்வளவு வருந்துகிறாயே, வலது கை எது இடது கை எது என்று தெரியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கும் மேலாக இருக்கிற இந்த ஊருக்காக, இத்தனை ஆடுமாடுகளுக்காக நான் இரங்க வேண்டாமா?

அதோடு புத்தகம் நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதவில்லை. ஆடுமாடு வரை கணக்கெடுக்கிற கடவுளுக்கு யோனா பதில் சொல்லியிருந்தால் அது அவருடைய பதிலாகப் போயிருக்கும்.

ஒக்டோபர் 7

ரொறன்ரோவில் இருக்கும் தம்பி கோபமாக எழுதியிருக்கிறார்: "எல்லாருக்கும் இரங்கு என்று எங்களுக்கு மட்டும் ஏன் பாடம் எடுக்கிறீர்கள்? நினிவே கேட்டதா மன்னிப்பு?"

தம்பி, வேதாகமத்தில் நாகூம் என்று ஒரு புத்தகம் இருக்கிறது. மூன்றே அதிகாரம். நினிவே விழுவதைப் பற்றியது, கி.மு. 612இல் அது உண்மையாகவே விழுந்தது. இரத்தம் சிந்திய நகருக்குக் கேடு என்கிறது, உன் செய்தி கேட்பவர் எல்லாரும் கைதட்டுவார்கள் என்று முடிகிறது. யோனாவைச் சேர்த்து வைத்த அதே பெரியவர்கள் நாகூமையும் அதே பன்னிரண்டு இறைவாக்கினர் சுருளில் சேர்த்து வைத்தார்கள். அடிபட்டவனின் குரலை வெட்டி எறியவில்லை. உங்கள் கோபத்துக்கு வேதத்தில் இடம் இருக்கிறது. மன்னித்துவிடு என்று உங்களுக்குக் கட்டளை போட எனக்கு உரிமையும் இல்லை. யோனாவிடம்கூட, மன்னி என்று கடவுள் சொல்லவில்லை. போய்ச் சொல் என்றார். ஊர் திருந்தியது, கோபத்தோடு இருந்த யோனாவிடம் கடவுள் கோபப்படாமல் பேசிக்கொண்டிருந்தார்.

ஒக்டோபர் 8

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து நேராகக் கேட்கிறார்: "மீன் நடந்ததா, இல்லையா?"

கிறிஸ்து உயிர்த்தார் என்று நம்புகிறவள் நான். கடவுளால் இது முடியாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஆடுமாடும் சாக்கு உடுத்தி நோன்பிருப்பது, ஒரே நாளில் அரசன் முதல் ஆண்டி வரை திருந்துவது, ஒரு இரவில் செடி வளர்வது, இந்த நடையைப் பார்த்தால் உவமை சொல்கிறவரின் நடையாகத்தான் எனக்குத் தெரிகிறது. நல்ல சமாரியன் கதையில் அவனுடைய ஊர்ப்பதிவை யாரும் தேடுவதில்லை. வரி வரியாக நடந்தது என்று நம்புகிறவரோடு ஒரே வாங்கில் இருந்து பூசை காண்கிறேன், அதில் எனக்குச் சங்கடம் இல்லை. மீனை நம்பிவிட்டேன், இனி நினிவே எனக்கு எதற்கு என்று எழும்பிப் போனால்தான் மறித்துக் கேட்பேன்.

இந்த முறை வகுப்பில் நாலாம் அதிகாரத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகப் போகிறேன். பெரிய வகுப்புக்கு நாகூமையும் சேர்த்து. சின்னவர்கள் மீன் வரையக் கேட்பார்கள், வரையட்டும், உள்ளே முத்தும் வைத்து.